சோபாவைக் கையால் தைத்தேன்: மூன்று மழைக்காலம் கழித்து

மும்பை செம்பூரில் எங்கள் வீட்டு சோபாவில், கைப்பிடியும் இருக்கையும் சேரும் இடத்தில் தையல் விட்டு ஒரு சாண் நீளத்துக்கு வாய் பிளந்துகொண்டது. உள்ளே மஞ்சள் ஃபோம் எட்டிப் பார்த்தது. வந்து பார்த்த ரிப்பேர்காரர் "பூரா கப்டா பதல்னா படேகா" என்று ஆறாயிரம் கேட்டார். தையல் விட்டதற்கு முழுத் துணியையும் மாற்றுவதா? நானே உட்கார்ந்தேன்.

முதல் முயற்சி வீண். கோணி ஊசி போட்ட ஓட்டைகள் பெரிதாகத் தெரிந்தன; வீட்டிலிருந்த பருத்தி நூல் ஒரு ஜூலையைத் தாங்காமல் பூஞ்சை பிடித்து இற்றுப்போனது. அப்புறம்தான் கிராஃபோர்டு மார்க்கெட் பக்கம் போய், பிறை மாதிரி வளைந்த ஊசியும் தடித்த நைலான் நூலும் வாங்கினேன். சோபாத் துணியின் உள்பக்கம் கை போகாது. நேர் ஊசியைக் குத்தினால் உள்ளேயே நின்றுவிடும். வளைந்தது தானே மேலே வரும்.

மேல் துணியின் மடிப்புக்குள் அரை சென்டிமீட்டர், நேர் எதிரே கீழ் மடிப்புக்குள் அரை சென்டிமீட்டர் என்று மாறி மாறிப் போனால் நூல் ஏணிப்படி போலக் குறுக்கே கிடக்கும். ஐந்தாறு படி ஆனதும் மெல்ல இழுத்தால், படிகள் உள்ளே மறைந்து இரண்டு ஓரமும் ஒட்டிக்கொள்ளும். முதல் தடவை அது நடந்தபோது மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். நைலான் வழுக்கும், அதனால் மூன்று முடிச்சு. நுனியை லைட்டரால் உருக்குகிறவர்கள் சோபாவிலிருந்து தள்ளி வைத்து உருக்குங்கள், ஃபோம் சட்டென்று பற்றும்.

மூன்று வருடத்தில் ஒரே ஒரு முனைதான் திரும்பப் பிரிந்தது. தப்பு என்னுடையது: கிழிசல் தொடங்கிய புள்ளியிலேயே தொடங்கியிருந்தேன். உறுதியான பழைய தையலுக்குள் ஓர் அங்குலம் தள்ளித் தொடங்கியிருக்க வேண்டும்.

இருக்கையின் நடுவே பையன் ஸ்க்ரூடிரைவரால் கிழித்தது வேறு கதை. அங்கே மடிப்பே கிடையாது. பழைய ஜீன்ஸ் துண்டைச் சுற்றிலும் இரண்டு விரல் அகலம் கூடுதலாக வெட்டி, கரண்டிக் காம்பால் உள்ளே தள்ளி, துணிப் பசையில் ஒட்டி, அதோடு சேர்த்துத் தைத்தேன். ஓரத்தை ஒட்டிக் குத்தினால் நூலே துணியை அறுத்துவிடும், கொஞ்சம் தள்ளியே குத்தினேன். பிடித்து நிற்கிறது, தழும்பு மட்டும் போகாது. ஊரிலிருந்து வந்த மாமியார் தடவிப் பார்த்து, "என்ன மாப்பிள்ளே, ஆபரேஷனா?" என்றார்.

ரெக்சின் நாற்காலியில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். ஊசி ஓட்டைகள் தபால்தலை ஓரம் மாதிரி வரிசையாகி, இரண்டே வாரத்தில் அந்த வரியிலேயே கிழிந்தது.

ஊசியைத் தேங்காயெண்ணெய் தடவிய துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். இந்த ஊர் மழையில் சும்மா வைத்தால் துரு ஏறும். அந்தத் துரு வெளிர்நிறத் துணியில் கறையாக இறங்கும்.