சாயம் அடித்த எச்சிவேரியாவை நம்பி வாங்காதீர்கள்

ஆத்திரத்தில்தான் எழுதுகிறேன், முன்னப்பின்ன இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சதைப்பற்றுச் செடிகள் மட்டும் விற்கும் ஒரு ஆன்லைன் கடையில், இலைகள் ரோஜா அடுக்காக விரியுமே, அந்த எச்சிவேரியா வகைகளை வாங்கினேன். போனது அரை மாதச் சம்பளம். வந்தது பெயின்ட் அடித்த பச்சைச் செடிகள்.

நம்பியதற்குக் காரணம் இருக்கிறது. பணம் கட்டும் முன் விற்பவரிடம் நிறையக் கேட்டேன், எதற்குமே சலித்துக்கொள்ளவில்லை. "இலையைத் தொடாதீங்க மேடம், மேல வெள்ளையா பவுடர் படிஞ்சிருக்கும், அது போச்சுன்னா அந்த இலையில திரும்ப வராது" என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். அவர் சொன்னது உண்மைதான். அது ஒரு மெழுகுப் பூச்சு, கடும் வெயிலிலிருந்து இலையைக் காப்பது அதுதான். செடி வளர்ப்பவருக்குத்தானே இதெல்லாம் தெரியும்? அந்த ஒரு மெசேஜைக் கேட்டுத்தான் அரை மாதச் சம்பளத்தை மொத்தமாக அனுப்பினேன். எதற்காகத் தொட வேண்டாம் என்றார் என்பது இப்போது புரிகிறது. தொட்டால் சாயம் தெரிந்துவிடும்!

பெர்ல் வான் நியூரம்பெர்க் ரகம் என்று சொல்லி வந்த எச்சிவேரியா அடி இலையிலிருந்து நடுக்குருத்து வரை ஒரே ஊதா. அசல் செடியில் சாம்பலும் ஊதாவும் இளஞ்சிவப்பும் ஒன்றுக்குள் ஒன்று குழைந்திருக்கும், இலைக்கு இலை கொஞ்சம் மாறும். நல்ல வெளிச்சமும் இரவுக் குளிர்ச்சியும் கிடைக்கக் கிடைக்க ஆந்தோசயனின் என்ற நிறமி இலையில் கூடி நிறம் மெல்ல ஏறும், நிழலில் வைத்தால் மங்கிப் பச்சையாகும். சரி, புது ரகமாக இருக்கும் என்று வைத்துக்கொண்டேன். அப்புறம் நடுவிலிருந்து வந்த புது இலைகள் எல்லாம் வெறும் பச்சை. சந்தேகப்பட்டு ஒரு பழைய இலையை நகத்தால் சுரண்டினால், நெயில் பாலிஷ் உரிவது மாதிரி ஊதாப் படலம் துண்டு துண்டாக உரிந்து வருகிறது, அடியில் வெளிறிய பச்சை. இந்தச் செடிகள் இரவில்தான் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை எடுக்கும். பெயின்ட் அந்தத் துளைகளையும் அடைக்கிறது, பகல் வெளிச்சத்தையும் மறைக்கிறது. ஒரு உயிரை மூச்சுமுட்ட வைத்து விற்கிறார்கள்! வெளி இலைகள் சுருங்கி விழுந்துகொண்டே இருக்கின்றன. தொட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தால் வேரைச் சுற்றி, நாற்றாக வளர்க்கும்போது மாட்டிய இறுக்கமான வலைத்துணி அப்படியே இருக்கிறது, இலையிடுக்கில் மாவுப்பூச்சி வேறு.

கேட்டதற்கு முதலில் "செடி செட்டாக டைம் எடுக்கும் மேடம்". சுரண்டிய இலையின் படத்தை அனுப்பினேன், "உங்க வீட்டுல வெளிச்சம் பத்தல" என்றார். வெளிச்சம் பத்தவில்லை என்றால் பெயின்ட் உரியுமா? அடுத்து, பெட்டியைப் பிரிக்கும்போது எடுத்த வீடியோ கேட்டார், அதையும் அனுப்பினேன். "வீடியோல கலர் நல்லாத்தானே இருக்கு" என்று அதையே எனக்கு எதிராகத் திருப்பினார். கடையின் புகார்ப் பிரிவில் எழுதினால், உயிருள்ள பொருளுக்குப் பணம் திரும்பக் கிடையாது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். இப்போது அந்த ஆள் என்னை பிளாக் செய்துவிட்டார். அரை மாதச் சம்பளம், ஒரு மன்னிப்புகூட இல்லை.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போதைக்கு இவ்வளவுதான் முடிகிறது. செடி முழுக்க ஒரே அடர் நிறம், பளீர் நீலம், மினுமினுப்பு, இதெல்லாம் இருந்தால் வாங்காதீர்கள். பணம் அனுப்பும் முன் நடுக்குருத்தையும் இலையின் அடிப்பக்கத்தையும் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், தயங்கினால் விட்டுவிடுங்கள். வந்ததும் மற்ற செடிகளிடமிருந்து தள்ளி வையுங்கள், வேரில் அந்த வலைத்துணி இருந்தால் வெட்டி எடுங்கள், தண்ணீர் சீக்கிரம் வடியும் மண்ணில் மாற்றுங்கள். மண் நன்றாகக் காய்ந்த பிறகுதான் தண்ணீர். ஏற்கெனவே சாயச்செடி வாங்கி மாட்டியிருந்தால் பெயின்டைக் கரைக்க ரசாயனம் எதையும் ஊற்றாதீர்கள், நல்ல வெளிச்சத்தில் வைத்துப் புது இலை வர விடுங்கள், பிழைத்தாலும் பிழைக்கும். அப்புறம், பெர்ல் வான் நியூரம்பெர்க் விதை என்று பாக்கெட் விற்றால் அதையும் வாங்காதீர்கள். அது கலப்பினம், விதையிலிருந்து அதே செடி வராது, இலையிலிருந்தோ பக்கக்கன்றிலிருந்தோதான் எடுக்க வேண்டும்.