பாதி விலை ஸ்டீம் டேபிள்: ஆன்லைனில் பாடநூல் வாங்குவோர் கவனத்துக்கு

"ஒரிஜினல், லேட்டஸ்ட் எடிஷன்" என்று போட்டு, அட்டை விலையில் பாதிக்கும் கீழே விற்கிறார்கள். மெக்கானிக்கல் மாணவர்கள் அப்படி ஒரு விற்பனையாளரிடம் சேர்ந்து வாங்கிய தெர்மோடைனமிக்ஸ் நூல், ஸ்டீம் டேபிள் (நீராவியின் பண்புகளைத் தரும் எண் அட்டவணை நூல்) இரண்டுமே திருட்டு அச்சு.

அட்டை பளபளவென்று அசல் மாதிரியேதான் இருக்கும். கோளாறு உள்ளே. அசலை ஸ்கேன் செய்து பிளேட் போட்டு அடிப்பதால் முதலில் அடிவாங்குவது பொடி எழுத்து, தசமப் புள்ளி, கிராஃபின் மெல்லிய கோடுகள். இந்த ஸ்டீம் டேபிளில் 8-இன் இடது வளைவு அழிந்து 3 ஆகிக் கிடக்கிறது. 10 பார் அழுத்தத்தில் உலர் செறிவு நீராவியின் என்ட்ரோபி (ஒரு வெப்பப் பண்பு) 6.583, இதில் 6.533 என்று தெரிகிறது. அதை நம்பி 0.1 பார் வரை ஐசென்ட்ரோபிக் (என்ட்ரோபி மாறாத) விரிவைக் கணக்கிட்டால் உலர்வுப் பின்னம் (ஈர நீராவியில் ஆவியின் பங்கு) 0.791 வரவேண்டிய இடத்தில் 0.784 வரும். ஒரு கிலோ நீராவிக்குச் சுமார் 16 கிலோஜூல் வேலை கூடுதலாகக் காட்டும். ஸ்டெப் எல்லாம் சரி, விடை மட்டும் தப்பு. பத்து முறை போட்டுப் பார்த்தாலும் பிசகு எங்கே என்று பிடிபடாது.

ஐஎஸ்பிஎன் (நூலின் அடையாள எண்) சரியாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். அசல் எண்ணையேதான் அச்சடிக்கிறார்கள். எடைதான் காட்டிக்கொடுக்கும். 18 × 24 செ.மீ. அளவில் 1000 பக்கம் என்றால் 500 தாள், 21.6 சதுர மீட்டர். 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம்) மேப்லித்தோ தாளில் ஒன்றரைக் கிலோ வரும். 54 ஜிஎஸ்எம் தாளில் 1.17 கிலோதான். சில பதிப்பகங்களே மெல்லிய தாள் போடுவதுண்டு என்பதால், நூலகப் பிரதியோடு ஒப்பிட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். பக்க எண்களையும் ஓட்டிப் பாருங்கள். பைண்டிங்கில் ஒரு ஃபாரம் (சேர்த்து மடித்த தாள் கட்டு) விட்டுப்போனால் 16 பக்கம் மொத்தமாகக் காணாமல் போயிருக்கும்.

சிவில்காரர்களுக்கு வேறு வகை ஏமாற்று: பழைய கோடு (கட்டுமானத் தர விதிநூல்) ஒன்றை ஒட்டி எழுதிய நூலுக்குப் புது அட்டை. ஸ்டீல் டிசைன் நூல் ஐஎஸ் 800:1984-ஐப் பின்பற்றினால் அது வொர்க்கிங் ஸ்ட்ரெஸ் என்ற பழைய வடிவமைப்பு முறை. 2007 பதிப்பு லிமிட் ஸ்டேட் என்ற புதிய முறை. ஆர்சிசிக்கு (கம்பி போட்ட கான்கிரீட்) குறைந்தபட்சம் எம்15 என்ற வலிமைத் தரம் போதும் என்று போட்டிருந்தால் அது ஐஎஸ் 456:1978 காலத்து நூல். 2000 பதிப்பில் எம்20. கோடு புத்தகத்தையே காசு கொடுத்து ஜெராக்ஸ் வாங்குவது இன்னும் வீண். பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) தளத்தில் பதிவு செய்துகொண்டால் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

பார்சலைப் பிரிக்கும்போதே லேபிள் தெரிய வீடியோ எடுங்கள். பெயர் எழுதுவது, அட்டை போடுவது எல்லாம் சரிபார்த்த பிறகு. ரிட்டர்னில் "பிடிக்கவில்லை" என்று தட்டாமல் "போலி" என்ற காரணத்தைத் தேர்ந்தெடுத்து, மங்கிய பக்கத்தையும் அசல் பக்கத்தையும் அருகருகே வைத்த படத்தைச் சேருங்கள். விற்றவர் கையை விரித்தால், தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்வு தரவேண்டும். அதற்கும் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில்லில் இருக்கும் விற்பனையாளர் பெயரை அப்படியே சொல்லுங்கள். அது தளத்தின் பெயராக இருக்காது.