'செக் அண்ட் கனெக்ட்' இடைநிற்றல் தடுப்புத் திட்டம்: பள்ளிகள் வாங்கலாமா?

உயர்நிலைப் பள்ளிப் படிப்பைப் பிள்ளைகள் பாதியில் விடாமல் தடுக்க, அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகம் 1990 முதல் வளர்த்துவரும் திட்டம் இது. பணம் கொடுத்தால் கிடைப்பது கையேடும் பயிற்சியும்தான். பெரிய செலவு ஆள் சம்பளம். தேர்ந்தெடுத்த ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு வழிகாட்டி வேண்டும். அவர் குறைந்தது இரண்டு ஆண்டு மாறாமல் இருக்க வேண்டும். பிள்ளை வேறு பள்ளிக்குப் போனாலும் கூடவே தொடர வேண்டும்.

'செக்' என்பது ஒரு கண்காணிப்புத் தாள். தாமதம், வகுப்புக்கு மட்டம், விடுப்பு, ஒழுங்கு நடவடிக்கை, தோல்வியடைந்த பாடம், கிரெடிட் (பாடத்தில் தேறினால் கிடைக்கும், படிப்பை முடிக்கத் தேவையான புள்ளி) பற்றாக்குறை எல்லாம் அதில் ஏறும். வாரந்தோறும் நிரப்பினால்தான் பயன். ரேங்க் கார்டு வரட்டும் என்று காத்திருந்தால் பையன் அதற்குள் கைவிட்டுப் போயிருப்பான். எந்த அளவைத் தாண்டினால் ஆபத்து என்பதை ஆண்டுத் தொடக்கத்திலேயே எழுதி வைத்துவிட வேண்டும். வருகைக்கு அங்கே பரவலாக வழங்கும் அளவு பத்து சதவீதம், அதாவது 180 நாள் பள்ளியில் 18 நாள். லீவ் லெட்டர் கொடுத்த நாளும் இதில் சேரும். லெட்டர் இருக்கிறதே என்று அதைக் கழித்துவிடும் பள்ளிகளில் கணக்கு பொய்யாகிறது. தவறிய பாடம் லெட்டரால் திரும்பி வராது. இன்னொரு கோளாறு, சண்டை போடுகிறவர்களை மட்டும் பட்டியலில் சேர்ப்பது. யாருக்கும் தொந்தரவு தராமல் வாரம் ஒரு நாள் காணாமல் போகிற பெண் கண்ணில் படுவதே இல்லை.

'கனெக்ட்' பகுதிதான் இதன் உயிர். நின்று யோசி, வழிகளை அடுக்கு, ஒன்றைத் தேர்ந்தெடு, செய், எப்படி ஆயிற்று என்று பார்: இந்த ஐந்து படிகளில் வழிகாட்டிக்கும் மாணவருக்கும் இடையிலான பேச்சு நகரும். தம்பியைப் பள்ளியில் விட்டு வருவதால் முதல் பீரியடைத் தவறவிடும் மாணவி என்றால், அந்தப் பாடத்தை வேறு பீரியடுக்கு மாற்றுவதா, தம்பியை வேறொருவர் அழைத்துப் போவதா என்று அவளே சொல்ல வேண்டும். அடுத்த வாரத் தாள் விடையைக் காட்டும். பொறுமையில்லாத வழிகாட்டி மூன்றாம் படியில் தானே முடிவு சொல்லிவிடுவார். அது பெரும்பாலும் நிறைவேறாது. தண்டனை கொடுப்பவரையே வழிகாட்டியாகப் போடுவது அதைவிட மோசம். வீட்டுக்குப் போகும் முதல் போன் புகாராக இருந்தால் இரண்டாவதை யாரும் எடுக்க மாட்டார்கள்.

பலன் உண்டா? மினியாபொலிஸில் கற்றல், நடத்தைக் குறைபாடுள்ள மாணவர்களிடம் நடந்த ஆய்வில், 9ஆம் வகுப்பு முடிவில் இடைநின்றோர் 9 சதவீதம். எட்டாம் வகுப்போடு திட்டம் நிறுத்தப்பட்ட குழுவில் 30. ஆனால் சான் டியேகோவில் சிறப்புக்கல்வியில் இல்லாத, வழக்கமான வகுப்பு மாணவர்களிடம் செய்த பெரிய சோதனையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. அமெரிக்கக் கல்வித் துறையின் ஆய்வு மதிப்பீட்டுப் பிரிவும், படிப்பை விடாமல் பள்ளியில் தொடர வைப்பதில் பலன் உண்டு, உரிய காலத்தில் படிப்பை முடிக்க வைப்பதில் இல்லை என்றே சொன்னது. காரணம் புரியாததல்ல. விட்டுப்போன கிரெடிட்டை ஈடுசெய்யும் வகுப்பு இந்தப் பொட்டலத்தில் கிடையாது. பள்ளிதான் தனியாக நடத்த வேண்டும்.

சிறப்புக்கல்வி மாணவர்கள் உள்ள, ஆசிரியர்கள் அடிக்கடி மாறாத பள்ளிக்கு வாங்கலாம். ஒரே ஆண்டு நிதியை நம்பி ஆள் எடுக்கும் பள்ளிக்கு வேண்டாம். பழகிய வழிகாட்டி நடுவில் போனால் பிள்ளை அடுத்தவரிடம் வாய் திறப்பது கடினம். அத்தகைய பள்ளி வாரத்தாளை மட்டும் சொந்தமாகத் தயாரித்து, ஒவ்வொரு ஆசிரியருக்கும் இரண்டு மூன்று பேர் என்று பிரித்துக்கொள்ளலாம்.