ஐந்தாவது ஆளுக்கு எவ்வளவு? ஏர்பிஎன்பியின் கூடுதல் விருந்தினர் கட்டண வசதி: ஒரு வீட்டுக்காரரின் மதிப்பீடு

கொடைக்கானலை அடுத்த வில்பட்டியில் எங்களுக்கு இரண்டு படுக்கையறை கொண்ட சிறிய வீடு ஒன்று இருக்கிறது. நாங்கள் மதுரையில் குடியிருப்பதால் ஆண்டின் பெரும்பாலான நாட்கள் பூட்டிக் கிடந்த அந்த வீட்டை, மூன்று ஆண்டுகளாக ஏர்பிஎன்பி என்ற தங்குமிட முன்பதிவுத் தளம் வழியாக நாள் வாடகைக்கு விட்டு வருகிறோம். வாடகையை நிர்ணயிக்க அதில் இருக்கும் வசதிகளில் எனக்கு அதிகம் பயன்பட்டதும், தொடக்கத்தில் நான் மோசமாகக் கையாண்டதும் கூடுதல் விருந்தினர் கட்டணம்தான். புதிதாக வீட்டை வாடகைக்கு விட நினைப்பவர்கள் பலர் அந்தக் கட்டணத்துக்கான கட்டத்தை நிரப்பாமல் விடுகிறார்கள், அல்லது வாய்க்கு வந்த ஒரு தொகையைப் போட்டு வைக்கிறார்கள். ஆகவே அதை மட்டும் எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

அமைப்பதில் சிரமம் எதுவும் இல்லை. எத்தனை பேர் வரை அடிப்படை வாடகைக்குள் அடக்கம், அதற்கு மேல் வரும் ஒவ்வொருவருக்கும் எவ்வளவு என்ற இரண்டு எண்களைக் கொடுத்தால் போதும். வாடகை 4,500 ரூபாய், நான்கு பேர் வரை அடக்கம், அதற்கு மேல் தலைக்கு 400 ரூபாய் என்று வைத்தால், ஆறு பேருக்கு ஓர் இரவு வாடகை 5,300 ரூபாய் ஆகும். துப்புரவுக் கட்டணம் ஒரு தங்கலுக்கு ஒரே முறைதான் சேரும். இதுவோ தங்கும் ஒவ்வோர் இரவுக்கும் சேரும். நான் சறுக்கியது இந்த இடத்தில்தான்.

முதல் ஆண்டில், மொத்தத் தங்கலுக்கும் ஒரு முறைதான் வாங்குவார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டு, தலைக்கு 1,000 ரூபாய் என்று போட்டிருந்தேன். ஆறு பேர் மூன்று இரவு தங்குவதாக இருந்தால் 13,500 ரூபாய் வாடகைக்கு மேல் 6,000 ரூபாய் ஏறும் என்பதை அப்போது நான் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. ஏப்ரல், மே சீசன் முழுவதும் ஐந்து பேர், ஆறு பேர் என்று ஒரு முன்பதிவுகூட வரவில்லை. எல்லாம் நான்கு பேருக்கே வந்தன. பரவாயில்லை, சிறு குடும்பங்கள்தான் வருகின்றன என்று நினைத்திருந்த வேளையில், ஒரு வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்கு வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அக்கா தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, நாலு பேருன்னு சொன்னீங்க, வேன்ல இருந்து ஏழு பேரு எறங்குறாங்க. கம்பளி அஞ்சுதான் இருக்கு, என்ன செய்யட்டும்?"

வந்தவர்களில் ஒரு பாட்டியும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருவரும் இருந்தார்கள். மலைக்குளிரில் அந்த நேரத்தில் அவர்களைத் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. பக்கத்து வீட்டில் இரண்டு கம்பளி வாங்கிச் சமாளித்தோம். ஆள் எண்ணிக்கையைத் திருத்தி மீதித் தொகையைத் தளம் வழியாகவே கேட்க வழி உண்டு என்றாலும், வீட்டின் உச்ச வரம்பே ஆறு பேர் என்று நானே பதிந்திருந்ததால், ஏழாவது ஆளுக்கு அதிலும் இடமில்லை. கையில் பணமாக வாங்கிக்கொள்வது தளத்தின் விதிகளுக்கு மாறானது. அவர்கள் மறைத்தது தவறுதான்; ஆனால் மறைக்கத் தூண்டியது நான் போட்ட ஆயிரம் ரூபாய் என்பதையும் மறுக்க முடியாது.

அதன் பிறகுதான் ஓர் ஆள் கூடுவதால் உண்மையில் என்ன செலவாகிறது என்று உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு ஆகியவற்றைச் சலவைக்குப் போடவும் கம்பளியை வெயிலில் உலர்த்தவும் 120 ரூபாய். சமையலறையிலும் குளியலறையிலும் கூடும் வேலைக்கு அக்காவுக்கு 50 ரூபாய். ஒருவர் குளிக்க இரண்டு வாளி, அதாவது 40 லிட்டர் வெந்நீர் வேண்டும். 15 டிகிரி குளிர்நீரை 40 டிகிரிக்குக் கொண்டுவர ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல் மின்சாரம் செலவாகும். அதோடு கோடையில் நாங்கள் விலைக்கு வாங்கும் லாரித் தண்ணீரையும் சேர்த்தால் 60 ரூபாய். ஆக மொத்தம் 230 ரூபாய். இதில் சலவைச் செலவு தங்கலுக்கு ஒரு முறைதான், தண்ணீரும் மின்சாரமும் தினமும். ஓர் இரவு மட்டும் தங்குபவர்களே அதிகம் என்பதால் எல்லாவற்றையும் ஓர் இரவின் மீதே ஏற்றி, தேய்மானத்துக்கும் தளத்தின் சேவைக் கட்டணத்துக்கும் கொஞ்சம் சேர்த்து 400 என்று வைத்தேன். அந்தச் சேவைக் கட்டணம் கூடுதல் ஆள் தொகையையும் உள்ளடக்கித்தான் கணக்கிடப்படுகிறது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. தொகையைக் குறைத்த பிறகு, ஆறு பேர் வருகிறோம் என்று உள்ளபடியே சொல்லிப் பதிவு செய்பவர்கள் வரத் தொடங்கினார்கள்.

குறை என்றால் முதலில் சொல்ல வேண்டியது குழந்தைகள் விஷயம். இரண்டு வயதுக்குட்பட்ட கைக்குழந்தை கணக்கில் வராது. ஆனால் மூன்று வயதுப் பிள்ளைக்கும் முப்பது வயதுக்காரருக்கும் ஒரே கட்டணம். தாயோடு ஒரே கட்டிலில் உறங்கும் பிள்ளைக்கு நானூறு ரூபாய் கேட்பது எனக்கே கூச்சமாக இருக்கிறது. புக்கிங்.காம் தளத்தில் வயதுவாரியாகக் குழந்தைகளுக்குத் தனிக் கட்டணம் வைக்க முடியும். தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளைகள் என்று கூட்டமாக வரும் நம் ஊர்க் குடும்பங்களுக்கு அதுதான் பொருத்தம். அடுத்தது, கூடுதல் தொகை இரவு வாடகையோடு கலந்தே காட்டப்படுவதால், ஆள் எண்ணிக்கையை மாற்றியதும் வாடகை ஏன் ஏறியது என்று விருந்தினர்கள் குழம்புகிறார்கள். சிலர் இதையே வாய்ப்பாக்கி, ஆறு பேர் தங்கும் வீட்டில் ஒருவர் மட்டுமே அடக்கம் என்று வைத்து, தேடலில் வாடகையைக் குறைவாகக் காட்டுகிறார்கள். ஏமாற்று என்று சொல்லாவிட்டாலும் அதை நல்ல பழக்கம் என்று என்னால் சொல்ல முடியாது.

வரியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரையிலான தங்கலுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். கூடுதல் ஆள் தொகையும் தங்கலின் மதிப்பில் சேர்ந்துவிடும். வாடகை 7,000 ரூபாயாக இருக்கும் வீட்டில் இரண்டு பேர் கூடி 7,800 ஆனால், 350 ரூபாயாக இருந்த வரி 1,404 ரூபாய் ஆகிவிடும். அந்த விளிம்பில் வாடகை வைத்திருப்பவர்கள் கட்டணத்தைக் குறைப்பதோ, அடக்க எண்ணிக்கையை உயர்த்துவதோ நல்லது. எங்கள் வீட்டுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

மொத்தத்தில் ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம் கொடுப்பேன். வயது வேறுபாட்டுக்கு ஒரு கட்டம் சேர்த்தால் இன்னும் ஒன்று கூட்டலாம். அதுவரை, சிறு பிள்ளைகளோடு வருகிறோம் என்று முன்பதிவுக்கு முன்பே கேட்பவர்களுக்கு, தளத்தில் உள்ள சிறப்புச் சலுகை வசதியைக் கொண்டு அந்த நானூறைக் கழித்தே வாடகை அனுப்புகிறேன். அக்காவிடம் இப்போது எட்டுக் கம்பளி இருக்கிறது.