ஆக்ஸில் ரேஷியோ: ஸ்டிக்கரா, சாக்பீஸா, பல் எண்ணுவதா?

பின் ஆக்ஸில் ஊளையிட ஆரம்பித்ததும் சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டைக்குப் போனேன். கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி, "பல்லு எத்தனை அண்ணே?" ஆக்ஸிலுக்குள் இருக்கும் பெரிய கிரவுன் சக்கரத்துக்கும் அதைச் சுற்றும் சின்னப் பினியனுக்கும் எத்தனை பல் என்கிறார். கிரவுன் பல்லைப் பினியன் பல்லால் வகுத்தால் வருவதுதான் ஆக்ஸில் ரேஷியோ: சக்கரம் ஒரு சுற்று சுற்ற, கியர்பாக்ஸிலிருந்து வரும் புரொப்பல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது. எனக்குத் தெரியவில்லை. வண்டியே மூன்றாவது கை மாறி வந்தது. "41க்கு 11தான் இருக்கும்" என்று அவர் தந்த டிஃபரன்ஷியல் (இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கர அமைப்பு) செட்டை அப்படியே மாட்டினோம். வண்டியில் இருந்ததோ 41க்கு 10. அதாவது 4.10 போய் 3.73 வந்துவிட்டது. சென்னையில் ஏற்றம் என்றால் மேம்பாலம்தான். கத்திப்பாராவில் லோடோடு ஏறும்போதே இழுவை குறைந்தது தெரிந்துவிட்டது. வேகம் எடுக்கும் சென்சார் கியர்பாக்ஸ் பக்கம் இருப்பதால் மீட்டரும் பொய் சொன்னது: முள் 60இல் நின்றால் வண்டி ஓடியது 66.

வாங்குவதற்கு முன்பே பார்த்திருக்கலாம். வழிகள் நாலு இருக்கின்றன, எல்லாம் ஒரே தரம் இல்லை.

சுலபமானது ஸ்டிக்கர், தகடு, சேஸிஸ் நம்பர். அமெரிக்க பிக்கப்களில் இது வசதி; ஜெனரல் மோட்டார்ஸ் வண்டியின் குறியீட்டுப் பட்டியலில் ஜிடி4 என்று இருந்தால் 3.73, ஜிடி5 என்றால் 4.10. நம் ஊரில் ஆர்சியில் இதெல்லாம் வராது. சேஸிஸ் நம்பரைக் கொடுத்து டீலரின் பார்ட்ஸ் கவுண்டரில் கேட்க வேண்டும். ஆனால் கிடைக்கும் பதில் கம்பெனியை விட்டு வெளியே வந்த நாளின் பதில். நடுவில் எவர் எதை மாற்றினார் என்று அந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

ஓட்டிப் பார்த்துக் கணக்குப் போடுவது அடுத்தது. மணிக்கு 60 என்றால் நிமிடத்துக்குச் சரியாக 1000 மீட்டர். 215/75 ஆர்15 டயரின் சுற்றளவு சுமார் 2.2 மீட்டர், ஆகவே சக்கரம் நிமிடத்துக்கு 455 சுற்று. எஞ்சினும் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுற்றும் டைரக்ட் கியரில் (பல ஐந்து கியர் வண்டிகளில் நாலாவது) எஞ்சினின் ஆர்பிஎம்மை, அதாவது நிமிடச் சுற்றை, 455ஆல் வகுத்தால் ரேஷியோ. 1865 காட்டினால் 4.10. வேகத்தை மீட்டரில் பார்க்காமல் போனின் ஜிபிஎஸ்ஸில் பாருங்கள். கேட்க அழகான கணக்குதான். ஆனால் ஓஎம்ஆர் சாலையில் ஒரே சீராக 60 போக விடியற்காலை எழ வேண்டும். முள்ளைப் படிப்பதில் 50 ஆர்பிஎம் தவறினாலே விடை 0.11 நகரும். 3.73ஐயும் 4.10ஐயும் பிரிக்கலாம், 3.9 நடுவில் வந்தால் சந்தேகம்தான்.

என் ஓட்டு சாக்பீஸுக்கு. டயரிலும் புரொப்பல்லர் ஷாஃப்டிலும் ஒரு கோடு, கியர் நியூட்ரல், ஹேண்ட்பிரேக் விடுதலை, முன் சக்கரங்களுக்கும் தரையிலிருக்கும் பின் சக்கரத்துக்கும் முட்டு. ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கி, ஸ்டாண்டு வைத்த பிறகுதான் அடியில் தலை நீட்ட வேண்டும். ஜாக்கியை நம்பக் கூடாது. இங்கேதான் பலரும் ஏமாறுவார்கள்: சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரத்தை மட்டும் சுற்றினால், சக்கரம் இரண்டு சுற்றினால்தான் கிரவுன் ஒன்று சுற்றும். ஆகவே சக்கரத்தை 20 சுற்று சுற்றி, ஷாஃப்ட் எத்தனை சுற்றுகிறது என்று எண்ணிப் பத்தால் வகுங்கள். 41 வந்தால் 4.10, 37க்குச் சற்று மேல் வந்தால் 3.73. இரண்டு சக்கரத்தையும் தூக்கினால் ஒன்று இப்படியும் மற்றது அப்படியும் சுற்றும், ஷாஃப்ட் சும்மா நிற்கும். இந்த 'இரண்டுக்கு ஒன்று' குழப்பமே வேண்டாம் என்றால், சமதளத் தெருவில் காலி வண்டியை நாலு பேர் நேராகத் தள்ளுங்கள். இரண்டு சக்கரமும் சேர்ந்து சுற்றும். பத்துச் சுற்றுக்கு 22 மீட்டர் போதும். சேஸிஸில் போனைக் கட்டி வீடியோ எடுத்தால் எண்ணுவதும் நிதானமாக நடக்கும்.

பல் எண்ணுவதுதான் கடைசித் தீர்ப்பு. கிரவுன் பல்லைப் பினியன் பல்லால் வகுத்தால் விடை. பல கிரவுன்களின் ஓரத்தில் இரண்டு எண்ணும் பொறித்தே இருக்கும். பின்மூடி போல்ட்டில் இருக்கிற ஆக்ஸில் என்றால் ஆயிலை வடித்துக் கழற்றலாம். இல்லாவிட்டால் ஆக்ஸில் ஷாஃப்டை உருவித்தான் உள்ளே பார்க்க முடியும், அரைநாள் வேலை. ரேஷியோ தெரிய மட்டும் இதைச் செய்ய மாட்டேன். கடையில் வாங்கும் செட்டை எண்ணாமல் இனி பணமும் கொடுக்க மாட்டேன்.

4x4 வண்டி என்றால் முன் ஆக்ஸிலையும் தனியாக எண்ணிவிடுங்கள். இரண்டின் ரேஷியோவும் பொருந்தாமல் தார் ரோட்டில் 4x4 போட்டால் முறுக்கு விசை முழுவதும், முன் பின் ஆக்ஸில்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில் போய் விழும்.