ஸ்டாக் எஞ்சினுக்கு டர்போ: பெட்டியா, பார்சலா, லேத்தா?

திருப்பூரில் இருக்கும் என் மச்சானிடம் 2010ஆம் வருட ஹோண்டா சிட்டி ஒன்று இருக்கிறது. 1.5 லிட்டர் ஐ-விடெக் பெட்ரோல். கம்பெனிக் கணக்கில் 118 பிஎஸ் சக்தி, 146 என்எம் டார்க் (சுழற்றும் விசை). அதற்கு டர்போ (வெளியேறும் புகையின் வேகத்தில் சுற்றி எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி) போட வேண்டும், ஆனால் எஞ்சினைத் திறக்கக் கூடாது, பிஸ்டனும் அதைக் கிராங்கோடு இணைக்கும் ராடும் வந்தபடியே இருக்க வேண்டும் என்று ஆறு மாதமாக ஒரே பிடி. "நீங்களே பார்த்துச் சொல்லிப்போடுங்க மாமா, காசு எடுத்து வெச்சிருக்கறேன்" என்று வேலையை என் தலையில் கட்டிவிட்டான்.

தேடியதில் மூன்று வழிகள் தேறின. ஒன்று, இந்த எஞ்சினுக்கென்றே வெளிநாட்டில் செய்து, மேனிபோல்டு (எஞ்சின் புகையைச் சேர்த்து டர்போவுக்குக் கொண்டுபோகும் குழாய்) முதல் கடைசி கிளிப் வரை ஒரே பெட்டியில் வரும் முழு கிட். இரண்டு, எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று ஆன்லைனில் விற்கிற மலிவு கிட். இதைப் பார்சல் என்று வைத்துக்கொள்வோம். மூன்று, நல்ல டர்போவை மட்டும் புதிதாக வாங்கி மீதியைக் கோவையிலேயே செய்துகொள்வது, அதாவது லேத்து. பார்சல்தான் விலையில் அடிமட்டம். பெட்டி சுங்கவரியோடு வந்து இறங்கும்போது, மச்சானின் சிட்டியை இன்று விற்றால் கிடைக்கும் தொகையைத் தொட்டுவிடும். லேத்து இரண்டுக்கும் நடுவில்.

நம் ஊரில் டர்போ பேச்சு எடுத்தாலே முதல் கேள்வி "எவ்வளவு ஏத்தலாம்?" என்பதுதான். ஸ்டாக், அதாவது கம்பெனியில் வந்தபடியே இருக்கும் எஞ்சினுக்கு அது தலைகீழ்க் கேள்வி. எவ்வளவு குறைவாக நிறுத்த முடியும் என்று கேட்க வேண்டும். இந்த எஞ்சினின் கம்ப்ரஷன் விகிதம், அதாவது சிலிண்டருக்குள் காற்று எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பது, 10-ஐத் தாண்டியது. டர்போவோடு பிறந்த பல பழைய எஞ்சின்களில் அது 9-க்குள் அடங்கியிருக்கும். ஏற்கெனவே இறுக்கி அமுக்குகிற சிலிண்டருக்குள் இன்னும் காற்றைத் திணித்தால் நாக்கிங் வரும், அதாவது பெட்ரோல் நேரம் தவறித் தானாக வெடிக்கும். நாக்கிங் தொடர்ந்தால் பிஸ்டன் ஓரம் உடையும். அதனால் பூஸ்ட்டுக்கு, அதாவது டர்போ கூடுதலாகத் தரும் காற்றழுத்தத்துக்கு, நான் வைத்த எல்லை 0.4 பார், அதாவது 6 பிஎஸ்ஐ சுமார். கணக்குப்படி காற்று நாற்பது சதவீதம் கூட வேண்டும். சூடு, நாக்கிங் வராமலிருக்க ஸ்பார்க் விழும் நேரத்தைப் பின்னுக்கு இழுப்பது எல்லாம் போக 150 பிஎஸ் அக்கம்பக்கம் கையில் நின்றால் போதும்.

ஆகவே காற்றை அமுக்கும் கம்ப்ரஸர் சக்கரத்தின் அளவை விட்டுவிட்டு மூன்றிலும் முதலில் வேஸ்ட்கேட்டைப் பார்த்தேன். எஞ்சினிலிருந்து வரும் புகையில் ஒரு பங்கை, புகையால் சுற்றும் டர்பைன் சக்கரத்துக்குள் விடாமல் வெளியே தள்ளும் சின்னக் கதவு அது. அதைத் திறந்து மூடும் ஆக்சுவேட்டரின் ஸ்பிரிங் எந்த அழுத்தத்துக்கோ, அதற்குக் கீழே பூஸ்ட்டை இறக்க எந்த எலக்ட்ரானிக் கன்ட்ரோலராலும் முடியாது. நண்பர் ஒருவர் வாங்கி வைத்திருந்த பார்சலைப் பிரித்துப் பார்த்தோம். ஸ்பிரிங் 0.8 பார். கதவுக்குப் பின்னால் இருந்த துளையில் சுண்டுவிரல்கூட நுழையவில்லை. மென்மையான ஸ்பிரிங்காக மாற்றிவிடலாம். ஆனால் துளை சின்னது என்றால் மேல் ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற கணக்கு) வருகிற புகை அத்தனையும் அதன் வழியே போகாது, மீதி டர்பைனைச் சுற்றும், பூஸ்ட் தானாக ஏறிக்கொண்டே போகும். 6 பிஎஸ்ஐக்கு வைத்தது 10, 12 என்று போய் நிற்கும். பெட்டியில் இந்தத் தொல்லை கிடையாது. அந்த எஞ்சினில் ஓட்டிப் பார்த்து அளந்து வைத்த ஸ்பிரிங் அது. லேத்து வழியில் டர்போவை நாமே தேர்ந்தெடுக்கிறோம். காரெட்டின் ஜிபிசி14-200 போலச் சின்ன எஞ்சினுக்கு, 200 குதிரைசக்திக்குள் நிற்கும்படி வடிவமைத்த டர்போவைக் கேட்டு வாங்கலாம்.

சின்ன டர்போ என்றதும் மச்சானுக்கு முகம் வாடிவிட்டது. பார்சலில் இருப்பது பெரிய டர்போ. 4,000 ஆர்பிஎம் வரை தூங்கும், அப்புறம் ஒரே உதை. அந்த உதைதான் அவனுக்குப் பிடித்திருக்கிறது. நியாயமாகப் பார்த்தால் அவன் பக்கமும் ஒரு வாதம் உண்டு. ராடை வளைப்பது குதிரைசக்தி அல்ல, கீழ் ஆர்பிஎம்மில் வருகிற டார்க். சின்ன டர்போ 2,500-லேயே முழு பூஸ்ட்டைக் கொடுத்தால், மெதுவாகச் சுற்றும் பிஸ்டன்மேல் அந்த அழுத்தம் முழுதாக உட்காரும். பெரிய டர்போ தாமதமாக எழுவதால் ராடுக்கு ஒருவகையில் இரக்கம் காட்டுகிறது. ஆனால் அந்த இரக்கம் பூஸ்ட்டைக் கட்டி வைக்க முடிந்தால் மட்டுமே செல்லும். 0.4 பாரில் நிற்கிற சின்ன டர்போ ராடைத் தொந்தரவு செய்யாது. எங்கே நிற்கும் என்றே தெரியாத பெரியதுதான் பயம். தவிர, பல்லடம் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே 4,000 ஆர்பிஎம்மை எத்தனை தரம் தொடப்போகிறான்?

வண்டியில் உட்கார்வது அடுத்த சிக்கல். இந்த எஞ்சினில் காற்று முன்பக்கம் நுழைந்து, புகை பின்பக்கம், பயர்வாலை (எஞ்சினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள தடுப்பு) ஒட்டி வெளியேறுகிறது. டர்போ அந்தச் சந்துக்குள்தான் தொங்க வேண்டும். அமெரிக்கச் சந்தைக்குச் செய்த பெட்டி என்றால் அது இடதுபக்க ஸ்டியரிங்கை மனதில் வைத்து வளைத்த பைப். நம் வண்டியில் ஸ்டியரிங்கும் பிரேக் பூஸ்டரும் வலதுபக்கம். அத்தனை காசு கொடுத்து வாங்கிய டவுன்பைப்பை (டர்போவிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்) இங்கே வந்து அறுத்து ஒட்டினால் பெட்டி என்ற பெருமையே போச்சு. வலதுபக்க ஸ்டியரிங் நாட்டுக்காரர்கள் செய்ததாக இருந்தால் மட்டும் யோசிக்கலாம். பார்சலில் வரும் மேனிபோல்டு வேறு எஞ்சினுடையது. அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

இங்கேதான் லேத்து ஜெயிக்கிறது. கோவை கணபதியில் எனக்குத் தெரிந்த பட்டறைக்காரர் ஒருவரிடம் கேட்டேன். வார்ப்பில் மேனிபோல்டு ஊற்றலாமா என்றால், "ஒத்தப் பீஸுக்கு யாருங்க பேட்டர்ன் போடுவாங்க? ஸ்டீம் பைப்புல பண்ணுங்க தம்பி" என்றார். பாய்லருக்குப் போடுகிற கனத்த ஷெட்யூல் 40 எல்போக்களை வெட்டி, கனமான பிளாஞ்சில் வைத்து ஒட்டுவது. பளபளக்கும் மெல்லிய ஸ்டெயின்லெஸ் குழாய் மாதிரி அழகு இருக்காது. ஆனால் டர்போவின் எடையைத் தாங்கும், சீக்கிரம் விரிசல் விடாது. சாயப்பட்டறைகளுக்கு ஸ்டீம் லைன் போட்டுப் பழகிய வெல்டருக்குத் திருப்பூரில் பஞ்சமா?

ஆயில் விஷயத்தில் என் கதையையும் சொல்லிவிடுகிறேன். பல வருடம் முன்பு என் பழைய மாருதி எஸ்டீமுக்கு ஒரு மலிவு கிட் போட்டேன். மூன்றாம் வாரம் அவிநாசி ரோட்டில் கொசுமருந்து வண்டி மாதிரி நீலப் புகை. சீல் போய்விட்டது என்று விற்றவரைத் திட்டினேன். கழற்றிப் பார்த்தால் டர்போவிலிருந்து எஞ்சின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டிக்கு (சம்ப்) திரும்பும் ஆயில் பைப்பை நான்தான் மடக்கி மாட்டியிருந்தேன். அந்த ஆயில் அழுத்தத்தில் போவதில்லை. வாய்க்கால் தண்ணீர் மாதிரி சரிவில் தானாக இறங்க வேண்டும். வழி அடைத்தால் சீல் வழியாகப் பொங்கும். எந்தக் கிட் வாங்கினாலும் இந்தப் பைப்பை நேராக, தடித்ததாக, சரிவாகக் கொண்டுபோக இடம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே மற்றது.

ஈரோட்டுச் சித்திரை வெயிலில் 40 டிகிரி காற்று உள்ளே போகிறது என்று வையுங்கள். 0.4 பாருக்கு அமுக்கினால், நல்ல டர்போவிலேயே அது 85 டிகிரியை ஒட்டி வெளியே வரும். திறன் குறைந்த நகலில் 95-ஐத் தாண்டும். அந்தச் சூட்டைத் தணிக்கும் இன்டர்கூலர் இல்லாமல் சின்ன பூஸ்ட்தானே என்று ஓட்டுவது குளிர்நாட்டுக்காரர்களுக்குச் சரி, நமக்கு ஆகாது. ஊட்டிக் கதை வேறு. 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் நான்கில் மூன்று பங்கு சொச்சம்தான். டர்போ இல்லாத சிட்டி அங்கே 90 பிஎஸ் வண்டி. 0.4 பார் டர்போவோடு போனால், டர்போ இல்லாமல் கடல்மட்டத்தில் கிடைப்பதைவிடக் கூடுதல் காற்று ஊட்டியிலும் கிடைக்கும். மேட்டுப்பாளையம் தாண்டி அடிக்கடி மலை ஏறுகிறவருக்கு, என் கண்ணில், டர்போவுக்கு இதுதான் உருப்படியான காரணம்.

பழைய இரும்புக் கடையில் டீசல் கார் டர்போ மலிவாகக் கிடைக்கிறதே என்பார்கள். டீசல் புகை 800 டிகிரி அளவில் நிற்கும்; பெட்ரோல் 950 வரை போகும். வேரியபிள் ஜியாமெட்ரி டர்போவாக இருந்தால், உள்ளே புகையின் வழியை மாற்றும் இதழ்கள் அந்தச் சூட்டில் இறுகிப்போகும். வேண்டாம்.

மூன்று வழியிலும் குறையாத செலவு ஒன்று உண்டு: எரிபொருளும் ஈசியூவும் (எஞ்சினை நடத்தும் கணினி). டர்போ இல்லாத எஞ்சினுக்கு எழுதிய கம்பெனி ஈசியூவுக்கு பூஸ்ட்டைக் கையாளத் தெரியாது, இன்ஜெக்டர்கள் 118 பிஎஸ்ஸுக்கு அளந்து வைத்தவை. பெரிய இன்ஜெக்டர், தனி ஈசியூ அல்லது கம்பெனி ஈசியூவோடு சேர்த்து மாட்டும் பிக்கிபேக், காற்று-பெட்ரோல் விகிதத்தை அளக்கும் வைட்பேண்ட் சென்சார், பூஸ்ட்டில் அந்த விகிதம் 11.5-லிருந்து 12-க்குள் நிற்கும்படி டைனோவில் (நின்ற இடத்தில் சக்கரத்தைச் சுற்றவிட்டுச் சக்தி அளக்கும் மேடை) ட்யூனிங். 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலில் நாக்கிங் சற்று அடங்கும் என்பது ஆதாயம்; ஆனால் அதே காற்றுக்குக் கூடுதல் பெட்ரோல் ஊற்ற வேண்டும், 2010 வண்டியின் ரப்பர் ஹோஸ்களையும் பார்க்க வேண்டும். பார்சலில் இது எதுவுமே வராது. பெட்டியில் வரும் ரெடிமேட் மேப்போ (ஈசியூவுக்கான அளவுப் பட்டியல்) வேறு நாட்டுப் பெட்ரோலுக்கு எழுதியது. ஆகக் கடைசியில் எந்தக் கிட்டை வாங்கியவரும் ட்யூனரிடம்தான் வந்து நிற்க வேண்டும். அதற்கு மேல் கிளட்ச்: 146 என்எம்முக்கு வந்த பிளேட் 200-ஐ ஒட்டிப் போனால் வழுக்கும்.

சட்டத்தையும் மறைக்கக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு கம்பெனி வடிவத்திலிருந்து மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விபத்து என்றால் இன்சூரன்ஸும் கைவிரிக்கலாம். கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற பந்தயத் தடம் இருக்கிறது. ஆசையை அங்கே தீர்த்துக்கொள்வதுதான் முறை. ரோட்டிலேயே வேண்டும் என்றால் நான்காவது வழிதான் மிச்சம்: டர்போவோடு பிறந்த பழைய போலோ ஜிடி டிஎஸ்ஐ, 105 பிஎஸ், ஆனால் 175 என்எம். இல்லையென்றால் ஐ20 என் லைன், 120 பிஎஸ், 172 என்எம். மச்சானிடம் சொன்னேன். "அது எல்லாரும் வெச்சிருக்கற வண்டிங்க மாமா" என்றான். சரி, ஆசைக்கு மருந்து ஏது.

ஸ்டியரிங் பக்கம் பொருந்துகிற பெட்டி கிடைத்து, காசும் இருந்தால் பெட்டி. இல்லையென்றால் புதுச் சின்ன டர்போவோடு லேத்து. பார்சல் எந்த விலைக்கும் வேண்டாம். இதைச் சொல்லிவிட்டு, எதற்கும் வாங்குமுன் எஞ்சினைப் பார்த்துவிடலாம் என்று போன ஞாயிற்றுக்கிழமை கம்ப்ரஷன் கேஜை மாட்டினோம். ஒன்று, இரண்டு, நான்கு மூன்றும் ஒன்றுபோல வந்தன. மூன்றாவது சிலிண்டர் இறங்கி நின்றது. கொஞ்சம் ஆயில் ஊற்றித் திரும்ப அளந்தோம், முள் ஏறியது. ரிங் தேய்மானம். எடுத்து வைத்த காசு இப்போது ரிங் செட்டுக்கும் கேஸ்கட்டுக்கும் போகிறது. திறக்கவே கூடாது என்ற எஞ்சின் பட்டறை மேஜைமேல் திறந்து கிடக்கிறது, அதைச் சுற்றிச் சுற்றி வந்த மச்சான், "அப்படியே நல்ல ராடும் போட்டுக்கலாமுங்களா?" என்று கேட்கத் தொடங்கியிருக்கிறான்.