புதுப் பெட்டிக்கு மூன்று நட்சத்திரம்

கொழிஞ்சாம்பாறையில் தையல் கடை வைத்திருக்கிறேன். டிவி ஓடினால்தான் ஜாக்கெட்டுக்குக் காத்திருப்பவர்கள் என்னை முறைக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். போன மாதம் டிடிஎச் கம்பெனியை மாற்றினேன். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம், பெட்டியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

படம் பளிச்சென்று இருக்கிறது. ரிமோட் கைக்கு அடக்கம். ஆனால் விலாசம் கேரளம் என்று பார்த்ததும் மலையாள பேக்கைப் போட்டுவிட்டார்கள். என் கடைக்கு வருபவர்களில் பாதிப் பேர் பொள்ளாச்சிப் பக்கம். தமிழ் சேனல்களைச் சேர்க்க ரெண்டு நாள் போனில் மல்லுக்கட்டினேன்.

அப்புறம் பழைய பெட்டி. நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அதன் முதுகில் நீளமாக ஒரு துளை உண்டு, உள்ளே சிலந்தி கூடு கட்டியிருந்தது. "இதில் உங்கள் கார்டைச் செருக முடியாதா தம்பி?" என்று மாடியில் டிஷ் குடை மாட்ட வந்த பையனிடம் கேட்டேன். "அப்படி ஒண்ணு நான் கண்டதே இல்ல சேட்டா" என்றான்.

நான் கண்டிருக்கிறேன். ஜெர்மனியில் இருக்கும் மச்சான் வீடியோ காலில் காட்டினான். அந்தத் துளைக்குள் போகும் ஒரு செருகி அது, சீட்டுக்கட்டு அகலம், ரெண்டு சட்டைப் பட்டனை அடுக்கிய தடிமன். அதில் சந்தா கார்டைச் செருகி, டிவியின் பின்னாலேயே சொருகிவிட்டான். தனிப் பெட்டியே கிடையாது. 30 சென்டிமீட்டருக்கு மேல் திரையுள்ள டிஜிட்டல் டிவியில் இந்தத் துளை இருந்தே ஆக வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2002-லேயே விதி போட்டுவிட்டது. அதற்கும் முன்னால், 1995-லேயே, சந்தா கட்டியவருக்கு மட்டும் திறக்கும்படி சேனலைப் பூட்டும் நுட்பத்தைக் கையில் வைத்திருப்பவர்கள் எல்லா ஒளிபரப்பாளர்களுக்கும் நியாயமான நிபந்தனையில், பாரபட்சமில்லாமல் அதைத் தர வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். அங்கேயும் எல்லாம் தேனும் பாலும் இல்லை. புதிய வகைச் செருகியில் சில சேனல்களைப் பதிவு செய்ய முடியாமல் தடுக்கிறார்களாம். மச்சான் அதற்குப் புலம்புகிறான்.

நம் ஊரிலும் காகிதத்தில் இருக்கிறது. ஒரு கம்பெனிப் பெட்டி இன்னொன்றுக்கும் ஒத்துப்போக வேண்டும் என்பது 2001-ல் வந்த டிடிஎச் உரிம விதி. 2020-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் மறுபடியும் பரிந்துரைத்தது. என் கடையில் என்னவோ ரெண்டு பெட்டி.

ஒரு நட்சத்திரம் தமிழ் பேக்குக்காகக் குறைத்தேன், இன்னொன்று அந்தத் துளைக்காக. பழைய பெட்டியை இப்போது பேட்டர்ன் காகிதம் பறக்காமல் இருக்க மேலே வைத்திருக்கிறேன். நல்ல கனம்.